கிராபிக்ஸ் கார்டுக்கும் பொருத்தம் பாருங்க!

"அண்ணே, ஒரு டவுட்டு. அவசரம்!"

ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டலில் கதவைத் தட்டினால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, நூடுல்ஸ் பாக்கெட் கடன். இன்னொன்று, காதல். ஆனால், பக்கத்து ரூம் ஃபைனல் இயர் தம்பி கொண்டு வந்தது மூன்றாவது ரகம். கையில் கசங்கிய ஒரு பேப்பர். அதில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகளின் பெயர். பெயருக்குக் கீழே எண்கள்... எண்கள்... எண்கள்!

மேட்டர் இதுதான். பழைய கல்வெட்டுப் படங்களைக் கொடுத்தால் அதில் இருக்கும் எழுத்துகளைக் கம்ப்யூட்டரே அடையாளம் காணணும். அதுதான் தம்பியின் ஃபைனல் இயர் புராஜெக்ட். அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேணும். "சண்டே ஆனா கொஞ்சம் கேமும் விளையாடுவேன்ணே, பொய் சொல்ல மாட்டேன்" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டான். காசு? மூணு வருஷமாக ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்தது.

"தப்பான கார்டு வாங்கிட்டா இதே காசைச் சேர்க்க இன்னும் மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள காலேஜே முடிஞ்சுடும்ணே!"

சிரிக்கத் தோன்றியது. ஆனால், சிரிக்கிற விஷயமா இது? கட்டிலில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தேன். அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை நடந்த அந்தப் பஞ்சாயத்துதான் இந்தக் கட்டுரை. கார்டு வாங்கப் போகிற எல்லாருக்கும் உதவும் என்பதால் உங்களுக்கும் சேர்த்து!

மூணு ஜாதகம்

கல்யாணத்துக்கு ஜாதகம் என்றால் கார்டுக்கு ஸ்பெசிஃபிகேஷன். தம்பி எழுதி வந்த மூன்றும் என்விடியா கம்பெனியின் கார்டுகள். அவற்றின் ஜாதகத்தை நீங்களும் ஒருமுறை பாருங்க.

ஜிடிஎக்ஸ் 1080 டிஐ: பிறந்தது மார்ச் 2017. 3584 கோர்கள். 11 ஜிபி மெமரி. 352 பிட் மெமரி பஸ். மெமரி வேகம் நொடிக்கு 484 ஜிபி. குடிக்கும் கரன்ட் 250 வாட்ஸ். அறிமுக விலை 699 டாலர்.

ஆர்டிஎக்ஸ் 3060: பிறந்தது பிப்ரவரி 2021. 3584 கோர்கள். 12 ஜிபி மெமரி. 192 பிட் பஸ். நொடிக்கு 360 ஜிபி. 170 வாட்ஸ். அறிமுக விலை 329 டாலர்.

ஆர்டிஎக்ஸ் 4060: பிறந்தது ஜூன் 2023. 3072 கோர்கள். 8 ஜிபி மெமரி. 128 பிட் பஸ். நொடிக்கு 272 ஜிபி. 115 வாட்ஸ். அறிமுக விலை 299 டாலர்.

முதல் இரண்டும் செகண்ட் ஹேண்ட். மூன்றாவது பெட்டி பிரிக்காதது. பழசு வாங்கினால் கையில் கொஞ்சம் மிஞ்சும். புதுசு வாங்கினால் உண்டியல் சுத்தம்!

"பாருங்கண்ணே... கோர் 3584, 3584, 3072. வேகம் 484, 360, 272. எல்லாமே இறங்கு முகமா இருக்கு. அப்போ புதுசா வர வர கார்டு மோசமாகுதா? கண்ணை மூடிக்கிட்டு 2017 கார்டை வாங்கிடவா?"

நல்ல கேள்வி. ஸ்பெக் ஷீட்டைப் பார்க்கிற எல்லாரும் சறுக்கி விழுகிற இடமும் இதுதான்.

பந்தியில் உட்காருங்க

கிராபிக்ஸ் கார்டு வேலை செய்வது எப்படி? ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க.

இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் கோர்கள். ஒவ்வொருவரும் தன் இலையில் விழுந்ததைச் சாப்பிட்டு முடிக்கணும். அதாவது, தனக்கு வந்த கணக்கைப் போட்டு முடிக்கணும். எத்தனை வேகமாகச் சாப்பிடுகிறார்கள் என்பது கிளாக் ஸ்பீடு. சமையல்கட்டில் எவ்வளவு சமைத்து வைக்க இடம் இருக்கு என்பது மெமரி, அதாவது ஜிபி. பரிமாறுகிறவர்கள் எத்தனை பேர் என்பது பஸ். 128 பிட், 192 பிட் என்பதெல்லாம் அந்த ஆள் கணக்குதான். அந்த ஆட்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறார்கள் என்பது மெமரியின் வேகம்.

ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் பரிமாற நாலே பேர் இருந்தால் என்ன ஆகும்? முக்கால்வாசிப் பேர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கார்டிலும் அதே கதைதான். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தப் பரிமாறும் வேகத்தை நீங்களே கணக்குப் போடலாம். ரொம்ப சிம்பிள். பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து, மெமரியின் வேகத்தால் பெருக்கணும். 3060-க்கு 192-ஐ 8-ஆல் வகுத்தால் 24. அதன் மெமரி வேகம் 15. ஆக 360 ஜிபி. 4060-க்கு 128-ஐ வகுத்தால் 16. மெமரி வேகம் 17. ஆக 272 ஜிபி. அவ்வளவுதான் சூட்சுமம்!

"அப்போ 4060 பந்தியில எல்லாரும் பட்டினியாண்ணே?"

இல்லை. இங்கேதான் புது தலைமுறை ஒரு தந்திரம் செய்தது. சாம்பார் வாளியை ஒவ்வொரு தடவையும் சமையல்கட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குப் பதிலாக, பந்திக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய அண்டாவை இறக்கி வைத்தால்? நடை மிச்சம்! அந்த அண்டாவுக்குப் பெயர் எல்2 கேஷ். 3060-ல் அது 3 எம்பி. 4060-ல் 24 எம்பி. எட்டு மடங்கு!

இன்னொன்று, சாப்பிடும் வேகம். 1080 டிஐ-யின் கோர்கள் அதிகபட்சமாகச் சுமார் 1.58 கிகாஹெர்ட்ஸில் ஓடும் என்று ஷீட் சொல்கிறது. 3060-க்கு அது 1.78. 4060-க்கு 2.46. கோர் குறைவு, ஆனால், ஒவ்வொரு கோரும் பறக்கும். கோரையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஒரு நொடியில் போடக்கூடிய கணக்குகள் 1080 டிஐ-யில் சுமார் 11 லட்சம் கோடி. 3060-ல் சுமார் 12.7 லட்சம் கோடி. 4060-ல் சுமார் 15 லட்சம் கோடி. இறங்கு முகம் திடீரென்று ஏறு முகம் ஆகிவிட்டது பார்த்தீர்களா?

சாதாரண கேம்களில் 1080 டிஐ-யும் 3060-ம் கிட்டத்தட்ட தோளோடு தோள் நிற்கும். 4060 ஓரளவு முன்னால் போகும். அதுவும் 1080 டிஐ கேட்கிற கரன்டில் பாதிகூட இல்லாமல்!

தலை எண்ணினால் தப்பு வரும்

"அப்போ கோரை கிளாக்கால பெருக்கினா போதும், இல்லண்ணே?"

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கு. ஒரே தலைமுறை கார்டுகளுக்குள் கோர்களை எண்ணி ஒப்பிடலாம். தலைமுறை மாறினால் 'கோர்' என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறும்.

2018-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யில் 4352 கோர்கள். 2020-ல் வந்த 3070-ல் 5888 கோர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஆனால், கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். எப்படி? 2020 தலைமுறையில் பாதி கோர்கள் இரட்டை வேலைக்காரர்கள். தசம எண் கணக்கும் போடுவார்கள், முழு எண் கணக்கும் போடுவார்கள். முழு எண் வேலை வந்தால் அந்த நேரத்தில் தசம வேலைக்கு ஆள் குறையும். ஷீட்டில் மட்டும் முழு ஹாஜர்!

கம்பெனி மாறினால் கேட்கவே வேண்டாம். ஏஎம்டி கார்டில் 'ஸ்ட்ரீம் புராசஸர்' என்று இருக்கும் எண்ணை என்விடியாவின் கோர் எண்ணோடு வைத்துப் பார்ப்பது, கிரிக்கெட் ஸ்கோரையும் ஃபுட்பால் ஸ்கோரையும் ஒப்பிடுகிற மாதிரி. எதில் எது ஜெயித்தது என்று சொல்ல முடியுமா?

பேரு புதுசு, ஆளு பழசு

"சரிண்ணே. எண் குழப்புது. பெயரையே பார்த்துட்டா? பெரிய நம்பர்னா புதுசுதானே?"

இதற்கு ஒரு ஃப்ளாஷ்பேக் போகணும்.

2001-ல் ஜிஃபோர்ஸ் 3 வந்தது. கேம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தாங்களே புரோகிராம் செய்யலாம் என்ற வசதியை அது கொண்டு வந்தது. அடுத்த வருஷம், 2002-ல், ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வந்தது. விலை குறைவு, பெயரில் நம்பர் பெரிசு. வாங்கியவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது... உள்ளே இருந்தது ஜிஃபோர்ஸ் 2 பரம்பரை! அந்த புரோகிராம் செய்யும் வசதி அதில் இல்லை. அந்த வசதியைக் கட்டாயமாகக் கேட்ட கேம்கள் 3-ல் ஓடின. 4 எம்எக்ஸில் ஓடவில்லை.

2007-ல் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடி. 112 கோர், 256 பிட் பஸ், நொடிக்கு 57.6 ஜிபி. 2008-ல் 9800 ஜிடி. அதே ஜி92 சிப், அதே 112, அதே 256, அதே 57.6! சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. அதே ஜி92 குடும்பம் 2009-ல் 'ஜிடிஎஸ் 250' என்று இன்னொரு சட்டையும் போட்டது. ஏஎம்டி மட்டும் சும்மாவா? 2013-ல் வந்த ஆர்9 280எக்ஸின் உள்ளே இருந்தது அதற்கு முந்தைய எச்டி 7970-ன் சிப்தான்.

அதைவிடப் பெரிய கூத்து, பெயரே மாறாமல் ஆள் மாறுவது. 2017-ல் ஜிடி 1030 வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரியோடு நொடிக்கு 48 ஜிபி வேகம். 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. வேகம் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு! இரண்டிலும் '2 ஜிபி' என்றே போட்டிருந்தது. ஜிபியை மட்டும் பார்த்து வாங்கினால் வித்தியாசமே தெரியாது. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-லும் இதே விளையாட்டு. 6 ஜிபி கார்டில் 1280 கோர், 3 ஜிபி கார்டில் 1152 கோர். மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கினால் கோரும் குறைவு!

வாங்குகிறவர்கள் வாயைத் திறந்தால் நடப்பதும் உண்டு. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை அறிவித்தது என்விடியா. ஒன்றில் 9728 கோர், இன்னொன்றில் 7680. சிப்பே வேறு. விமர்சனம் குவிந்ததும் அக்டோபரில் 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கியது. 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆக, ஸ்பெக் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த கஸ்டமருக்கு மரியாதையே தனி பாஸ்!

விளம்பரப் பேச்சுக்கும் இதே விதிதான். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகப்படுத்தியபோது, அது 4090-க்கு நிகரான வேகம் தரும் என்று மேடையில் சொன்னார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். ஆனால் 4090-ல் 16384 கோர், 24 ஜிபி. 5070-ல் 6144 கோர், 12 ஜிபி. பிறகு எப்படி நிகர்? ஒரு நிஜப் படத்துக்கும் அடுத்த நிஜப் படத்துக்கும் நடுவே ஏஐ வரைந்து செருகும் படங்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும்! அது உபயோகமான வசதிதான். ஆனால், தம்பியின் கல்வெட்டுப் புராஜெக்டுக்கு அது நயா பைசா பிரயோஜனம் இல்லை.

கதவு திறக்குமா?

எண்களைப் பார்த்தாச்சு. இனி எண்ணில் அடங்காத ஒன்று. மண்டபம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாது இல்லையா? சில வசதிகள் அந்தக் கதவு மாதிரி. ஒன்று இருக்கும், இல்லைன்னா இல்லை.

1080 டிஐ-யில் ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் கோர்கள் கிடையாது. ஏஐ கணக்குகளுக்கான டென்சர் கோர்களும் கிடையாது. ரொம்ப நாள் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆனால், 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமும் குறைந்தபட்சத் தேவையிலேயே ரே டிரேசிங் ஹார்டுவேரைக் கேட்டன. 484 ஜிபி வேகம் வாசலிலேயே நின்றுவிட்டது. ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் கதை ஞாபகம் வருதா?

சாஃப்ட்வேர் கதவும் உண்டு. என்விடியா கார்டில் புரோகிராம் எழுத உதவும் குடாவின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட்டில் வந்தது. 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு அதில் இடமில்லை. பழைய குடா 12-ஐ வைத்து ஓட்டலாம்; ஆனால், வருஷம் போகப் போக புது லைப்ரரிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். புது கேம்களுக்கான டிரைவர்களும் 2025 அக்டோபரோடு பாஸ்கலுக்கு நின்றன. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று அறிவிப்பு.

தம்பியின் முகம் வாடியது. பேப்பரில் 1080 டிஐ-யை ஒரு கோடு போட்டு அடித்தான். பாவம், ஒரு காலத்தில் 699 டாலர் ராஜா! போதாக்குறைக்கு அவன் கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் 550 வாட்ஸ். 1080 டிஐ-க்கு என்விடியா பரிந்துரைத்தது 600. மற்ற இரண்டுக்கும் 550 போதும்.

ரெண்டு கார்டு, ஒரு சரித்திரம்

மிச்சம் இரண்டு. 12 ஜிபி பழசா? 8 ஜிபி புதுசா?

"4060 வேகம் ஜாஸ்தி, கரன்ட் கம்மி, வாரன்டி இருக்கு. அப்புறம் என்னண்ணே?"

அவனுக்கு ஒரு சரித்திரம் சொன்னேன். 2012-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் என்ற மூவர், படங்களை அடையாளம் காணும் ஒரு நியூரல் நெட்வொர்க்கை உருவாக்கினார்கள். பெயர் அலெக்ஸ்நெட். 12 லட்சம் படங்களைக் காட்டிப் பயிற்சி. அதற்கு சூப்பர் கம்ப்யூட்டரா வாங்கினார்கள்? கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் ஜிடிஎக்ஸ் 580 கார்டு... இரண்டே இரண்டு! ஐந்தாறு நாள் ஓடியது. அந்த வருஷத்து இமேஜ்நெட் போட்டியில் இரண்டாவதாக வந்தவர்களின் தவறு 26.2 சதவீதம். இவர்களுடையது 15.3. இன்றைய ஏஐ அலைக்கு விதை போட்ட வெற்றிகளில் அது ஒன்று.

ஏன் இரண்டு கார்டு? ஒரு கார்டில் 3 ஜிபிதான். நெட்வொர்க் அதில் அடங்கவில்லை. பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் வைத்தார்கள். வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். இடம் இல்லையென்றால் காத்திருந்தும் பயனில்லை. பொருளை வைக்க சமையல்கட்டில் இடம் இல்லாவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தெருக்கோடி மளிகைக்கடைக்கு ஓடணும். கம்ப்யூட்டரின் சாதாரண ராம்தான் அந்த மளிகைக்கடை. போகிற வழியும் 4060-க்குக் குறுகல். 3060-க்கு 16 தடம் உள்ள ரோடு. 4060-க்கு 8 தடம்தான். தம்பியினுடையது மாதிரி பழைய மதர்போர்டில் இது இன்னும் உறைக்கும்.

இன்றைய மொழி மாடல்களுக்கும் இதே கணக்குதான். 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மாடலை 16 பிட்டில் வைக்க 14 ஜிபி வேணும். 8 பிட்டாகச் சுருக்கினால் 7 ஜிபி. 4 பிட் என்றால் 3.5 ஜிபி. மேல் செலவுக்கு இன்னும் கொஞ்சம். 8 ஜிபி கார்டில் 7 ஜிபி மாடல் என்பது டவுன் பஸ் ஃபுட்போர்டு பயணம். தொங்கலாம், உட்கார முடியாது!

இந்த 'இடம்' எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு சுவாரசியக் கணக்கு. 1999-ல் வந்த முதல் ஜிஃபோர்ஸ் 256-ல் மெமரி 32 எம்பி. 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-ல் 32 ஜிபி. கால் நூற்றாண்டில் ஆயிரம் மடங்கு! பரிமாறும் வேகம்? அப்போது நொடிக்குச் சுமார் 2.7 ஜிபி, 5090-ல் 1792 ஜிபி. அது சுமார் 660 மடங்குதான். சமையல்கட்டு வளர்ந்த அளவுக்குப் பரிமாறுகிறவர்கள் வளரவில்லை. அதனால்தான் கம்பெனிகள் அண்டாவைப் பெரிசாக்கிக்கொண்டே போகின்றன.

"அப்போ 3060 தான் வாங்கணுமா?"

"இல்லை. இப்போ எதையும் வாங்காதே!"

தம்பி என்னை முறைத்தான்.

முதலில் அளந்து பார்!

உன் புராஜெக்டுக்கு எத்தனை ஜிபி வேணும் என்று உனக்கே தெரியாது. தெரியாமல் சட்டை தைக்கலாமா? கூகுள் கோலாப்பில் காசு கொடுக்காமலேயே 16 ஜிபி மெமரி உள்ள டி4 கார்டில் வேலை செய்ய முடியும். நேரக் கட்டுப்பாடு இருக்கும். கேட்டவுடன் எப்போதும் கிடைத்துவிடாது. ஆனால் அளந்து பார்க்க அது தாராளம். புரோகிராம் ஓடும்போது என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையைக் கொடுத்தால் எத்தனை மெமரி போகிறது என்று காட்டும். கேமுக்கும் இதே வழிதான். நீங்க விளையாடப் போகும் கேம், உங்க மானிட்டர் அளவு... இதை வைத்து ஃபிரண்டு கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்குக் கூடுதலாகச் சில வார்த்தைகள். ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்க ஊர் கம்ப்யூட்டர் கடையோ, காசு கொடுக்கும் முன்பு கார்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரை பென் டிரைவில் கொண்டு போங்க. சிப் பெயர், கோர் எண்ணிக்கை, பஸ் அகலம், மெமரி வகை... நாலும் ஜாதகத்தோடு பொருந்தணும். அரதப் பழசான சிப்பில் பெயரை மட்டும் மாற்றி எழுதி விற்கும் ஃபோர்ஜரி கார்டுகள் நிறைய உலவியதால், 2018-லேயே போலி கார்டுகளைக் காட்டிக்கொடுக்கும் வசதியை அதில் சேர்த்தார்கள். அந்தப் போலிகளுக்குள் ஒளிந்திருந்த சிப்களில் நம்ம ஜி92-ம் ஒன்று என்பது தனி காமெடி!

பிறகு, ஒரு இருபது நிமிஷமாவது கார்டுக்கு முழு வேலை கொடுத்துப் பாருங்க. திரையில் புள்ளி, கோடு வருதா? ஃபேன் கதறுதா? சூடு ஏறிக்கொண்டே போகுதா? 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டு வைத்து 'மைனிங்' செய்யும் முறையையே கைவிட்டது. அதுவரை ராப்பகலாக உழைத்த கார்டுகள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. அவற்றில் எல்லாமே மோசம் என்று அர்த்தமில்லை. ஃபேனும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்க. பில், சீரியல் நம்பர் இரண்டும் கேளுங்க. கேபினெட்டில் கார்டின் நீளம் அடங்குமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்க. இது சின்ன விஷயம்தான். ஆனால், கார்டு வாங்கிய பிறகு தெரிந்தால் பெரிய விஷயம்!

தம்பி என்ன வாங்கினான்?

ரெண்டு வாரம் ஆள் இந்தப் பக்கமே வரவில்லை. கோபமோ என்று நினைத்தேன். ஒருநாள் மெஸ் க்யூவில் பின்னாலிருந்து தோளைத் தட்டினான்.

"ஒன்பதரை ஜிபிண்ணே!"

"என்ன ஒன்பதரை?"

"என் புராஜெக்ட் சாப்பிடுற மெமரி. 8 ஜிபி வாங்கியிருந்தா அவ்ளோதான்! ஒரு நேரத்துல கொடுக்குற படங்களோட எண்ணிக்கையைக் குறைச்சா 8-லயும் அடங்கும். ஆனா டிரெய்னிங் இழுத்துக்கிட்டே போகுது. அளந்துட்டேன்."

அந்த சனிக்கிழமை போய் 12 ஜிபி 3060-ஐ வாங்கி வந்தான். கடையில் ஜிபியு-இசட் போட்டுப் பார்த்தபோது 192 பிட் என்று வந்ததும் தனக்கு வேர்த்தது நின்றதாகச் சொன்னான். மிஞ்சிய காசில் ஒரு எஸ்எஸ்டி.

இதே காலேஜில் இன்னொரு பையன், கேம் மட்டுமே குறி என்றால், அவனுக்கு நான் 4060-ஐத்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் பழைய 1080 டிஐ சும்மா கிடக்குது, பழைய கேம் விளையாடினால் போதும் என்பவனுக்கு, "ஒரு ரூபாயும் செலவு பண்ணாதே" என்பேன். மூன்று பேர், மூன்று பதில். ஜாதகத்தில் நல்ல ஜாதகம், கெட்ட ஜாதகம் என்று தனியாக இல்லை. யாருக்குப் பொருந்துது என்பதுதான் கேள்வி. அதனால், கார்டின் ஜாதகத்தைத் திறக்கும் முன்பு உங்க ஜாதகத்தை எழுதி வைங்க. என்ன வேலை, எத்தனை ஜிபி, எத்தனை வாட்ஸ், கையில் எவ்வளவு காசு.

பை தி வே... கல்வெட்டு எழுத்தில் 'ட'வையும் 'ப'வையும் தம்பியின் கம்ப்யூட்டர் இன்னும் மாற்றி மாற்றித்தான் படிக்குது. "அது கார்டு தப்பில்லைண்ணே, என் தப்பு" என்கிறான். அதைச் சரிபண்ண எந்தக் கடையிலும் கார்டு விற்கவில்லை. உட்கார்ந்து உழைக்கணும், அவ்வளவுதான்!